பள்ளியில் பாட்டு டீச்சர் வேலை: முதல் இரண்டு மூன்று வருடத்தைத் தாண்டுவது எப்படி?

புதுச்சுருதி

எல்லோருக்கும் வணக்கம். வாய்ப்பாட்டில் எம்.ஏ. முடித்துவிட்டு இந்த ஜூனில் திருச்சிப் பக்கம் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் மியூசிக் டீச்சராகச் சேர்ந்திருக்கிறேன். ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரை, வகுப்புக்கு மூன்று செக்‌ஷன், ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் வாரம் ஒரு பீரியட். செக்‌ஷனுக்கு நாற்பது பேர் என்றாலே ஆயிரத்தை நெருங்குகிறது. தனி அறை கிடையாது. கீபோர்டைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடி ஏறி இறங்குகிறேன்.

வீட்டில் ஐந்தாறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பழக்கம் உண்டு. இங்கே அது எதுவும் செல்லுபடியாகவில்லை. சரளி வரிசை (கர்நாடக சங்கீதத்தின் முதல் ஸ்வரப் பயிற்சி) ஆரம்பித்தால் மூன்றாவது வரிசைக்குள் பின் பெஞ்சில் கதை தொடங்கிவிடுகிறது. ஏழாம் வகுப்புப் பையன்கள் வாயையே திறப்பதில்லை, திறந்தால் கேலிக்குத்தான். வியாழக்கிழமைக்குள் தொண்டை கட்டிவிடுகிறது. யூனிட் டெஸ்ட் வந்தால் கணக்கு மிஸ் வந்து "உங்க பீரியட் இன்னிக்கு எனக்குக் குடுத்துடுங்களேன்" என்கிறார். போதாததற்கு, டிசம்பர் ஆண்டு விழாவுக்கு என்ன திட்டம் என்று பிரின்சிபல் இப்போதே கேட்கிறார்.

இதையெல்லாம் தாண்டி வந்தவர்கள் எதை முதலில் பிடித்துக்கொண்டீர்கள், எதை விட்டீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

ஏழாம்பீரியட்

கீபோர்டுதானே, கொடுத்து வைத்தவர். எனக்கு ஹார்மோனியம். அதுவும் மூன்றாம் மாடி. வாங்க வாங்க.

காவிரிக்கரை அக்கா

தங்கச்சி, முதலில் தொண்டையைப் பார். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

பாடிப் பாடித் தொண்டை கெடுவது குறைவு. "சத்தம் போடாதீங்க" என்று நாம் சத்தம் போடுவதில்தான் கெடுகிறது. நாற்பது பேரின் இரைச்சலுக்கு மேலே பேசுவதை இன்றோடு விட்டுவிடு. வகுப்பில் நுழைந்ததும் கையைத் தட்டு: தகிட, தகிட, தகதிமி. பதிலுக்கு அவர்கள் அதையே தட்ட வேண்டும். முதலில் முன் வரிசை மட்டும்தான் தட்டும். உடனே மாற்றித் தட்டு: தகதிமி, தகிட, தக. விட்டுப்போனால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பதால் பின் பெஞ்சும் நிமிரும். நாலு சுற்றில் வகுப்பு உன் கையில். அதுவரை ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டாய்.

அடுத்து, பிள்ளைகளோடு சேர்ந்து பாடாதே. நீ ஒரு வரி பாடு, நிறுத்து, அவர்கள் பாடட்டும், நீ கேள். சேர்ந்து பாடினால் உன் குரலிலேயே தொங்கிக்கொண்டு வருவார்கள். யார் சுருதி விலகுகிறார்கள் என்பது உன் காதில் விழாது. ஒரு நாளைக்கு ஐந்து பீரியட் என்றால் தொண்டைக்குப் பாதி ஓய்வு இதிலேயே கிடைத்துவிடும். தலையில் மாட்டுகிற மைக்கும் இடுப்பில் மாட்டுகிற சின்ன ஸ்பீக்கரும் ஆயிரம், இரண்டாயிரத்தில் கிடைக்கிறது. பள்ளி வாங்கித் தராவிட்டால் நீயே வாங்கிக்கொள், கௌரவம் பார்க்காதே. தொண்டை கட்டினால் கிசுகிசுவென்று பேசி ஓய்வு கொடுப்பதாக நினைக்காதே, அதுவும் குரல்நாணுக்கு வேலைதான். இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு இருந்தால் மிளகுப்பாலை நிறுத்திவிட்டுக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போ.

இன்னொன்று, யாரும் சொல்லித்தராதது: கட்டை, அதாவது ஸ எந்த உயரத்தில் நிற்கிறது என்பது. உன் கட்டை 5 அல்லது 5½ ஆக இருக்கும். அதே கட்டையில் ஒன்றாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்தால் உன் மத்திய ஸ்தாயி (நடு ஸ முதல் மேல் ஸ வரை) ஸ அந்தப் பிள்ளைகளுக்குப் பாதாளம். அவர்களால் அங்கே பாட முடியாது, பேசத்தான் முடியும். நாம் "சுருதியே சேரவில்லை" என்று அலுத்துக்கொள்கிறோம். மேல் ஸவைத் தாண்டாத சின்னப் பாட்டு என்றால் கீபோர்டின் நடு 1 கட்டையையே அவர்களுக்கு ஸ ஆக வை. உன் 5 கட்டைக்கு அது மத்தியமம் (ம). மத்திம சுருதியில் பாடுவது உனக்குப் புதிதா என்ன? பாட்டு மேலே போகிறது என்றால் 6 கட்டை வரை இறக்கிக்கொள்ளலாம். எந்தப் பாட்டானாலும் அதில் உச்சமான வரியை முதலில் பாடச் சொல்லிப் பார். அது எட்டினால்தான் அந்தக் கட்டை.

அரைக்கட்டை

அக்கா சொன்ன கட்டை விஷயத்தில் ஆண் ஆசிரியர்களுக்கு வேறொரு சிக்கல் இருக்கிறது. நான் 1 கட்டை. நான் பாடினால் சின்னப் பிள்ளைகள் என் ஸ்தாயிக்கே இறங்கப் பார்த்து உறுமுகிறார்கள். ஒரு ஸ்தாயி மேலே பாட வேண்டும் என்பது ஆறு வயதுப் பிள்ளைக்குத் தானாகத் தோன்றாது. கள்ளக்குரலில் (இயல்பை மீறிய மெல்லிய உச்சக் குரலில்) பாடிக் காட்டினேன், வகுப்பே சிரித்தது. (சிரித்தாலும் அடுத்த நிமிடம் சரியான ஸ்தாயியில் பாடினார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.) இப்போது ஒவ்வொரு வகுப்பிலும் சுருதி நிற்கிற இரண்டு பிள்ளைகளுக்கு வரியை முதலில் சொல்லிக்கொடுத்து, அவர்களைக் கொண்டே மற்றவர்களுக்குப் பாடிக் காட்ட வைக்கிறேன். பிள்ளையின் குரலைப் பார்த்துப் பிள்ளை பாடுவது சுலபம்.

மோகனப்பித்தன்

புதுச்சுருதி, சரளி வரிசையைத் தூக்கி ஓரமாக வையுங்கள். நான் கர்நாடக சங்கீதத்துக்கு எதிரி கிடையாது, பெயரைப் பார்த்தாலே தெரியும். ஆனால் சரளியை மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்கும் வழி, குருவின் எதிரில் தனியாக உட்கார்ந்து வருடக்கணக்கில் கற்க வருகிறவனுக்கானது. அந்த ராகத்தில் ரியும் தவும் ஸவையும் பவையும் ஒட்டி அரை ஸ்வரத்தில் நிற்கின்றன. கவும் நியும் அடுத்ததை இடித்துக்கொண்டு நிற்கின்றன. நாற்பது பேர், வாரத்துக்கு ஒரு முறை, கூட்டமாகப் பாடும்போது இந்த நாலு இடமும் குழம்பிவிடும். மோகன ராகத்தில் அரை ஸ்வர இடைவெளியே இல்லை: ஸ ரி க ப த. ஒருவன் வழுக்கினாலும் காதில் உறுத்தாது, தானே வந்து சேர்ந்துகொள்வான்.

ஹங்கேரியில் ஸோல்டான் கோடாய் (1882-1967) வழிவந்த பள்ளி இசைக் கல்வியும் ஐந்து ஸ்வரப் பாட்டுகளில்தான் ஊன்றுகிறது. அதிலும் முதலில் இரண்டே ஸ்வரம். நம் கணக்கில் ப, க. அப்புறம் த சேரும். அதை நான் அட்டெண்டன்ஸுக்கு எடுத்துக்கொண்டேன். "கவி" என்று பவில், "தா" என்று கவில் கூப்பிடுவேன். அந்தப் பிள்ளை அதே இரண்டு ஸ்வரத்தில் "இருக்கேன்" என்று பாட வேண்டும். ஐந்து நிமிடத்தில் நாற்பது பேரின் தனிக் குரலும் காதில் விழுந்துவிடும், பெயரும் மனதில் நிற்கும். தனியாகப் பாடச் சொன்னால் அழுகிற பிள்ளைகூட இதற்குப் பதில் சொல்லிவிடும், ஏனென்றால் பாடுகிறோம் என்றே அதற்குத் தெரியாது.

இதிலேயே இன்னொன்றும் தெரியவரும். வகுப்புக்கு இரண்டு மூன்று பேர் ஒரே ஸ்வரத்தில், பேச்சுக் குரலில் பதில் சொல்வார்கள். அவர்களுக்குப் "பாட்டு வராது" என்று முடிவு கட்டி வாயசைக்கச் சொல்லாதீர்கள். அப்படிச் சொல்லப்பட்ட பெரியவர்கள் ஐம்பது வயதிலும் "எனக்குப் பாட வராது சார்" என்கிறார்கள். அந்தப் பிள்ளை எந்த ஸ்வரத்தில் பேசுகிறானோ அதைக் கீபோர்டில் கண்டுபிடித்து, அதில் நீங்கள் பாடுங்கள். நாம் அவன் இடத்துக்குப் போனதும் சேர்ந்துவிட்டது என்று அவனுக்கே தெரியும், முகம் மாறும். அங்கிருந்து அரைக் கட்டை மேலே, இன்னொரு அரைக் கட்டை. நடுவே ஆம்புலன்ஸ் சத்தம் போடச் சொல்லலாம்; குரல் ஏறி இறங்கும் என்பதே சில பிள்ளைகளுக்கு அதில்தான் பிடிபடுகிறது.

பழைய வாத்தியார்

மோகனப்பித்தன் தம்பி எழுதியதில் பாதி ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்குச் சண்டை.

மோகனத்தையே எட்டு வருடம் பாட முடியுமா? மூன்றாம் வகுப்பிலிருந்து சரளி வேண்டும். முழு பீரியடும் சரளி எடுத்தால் எவனும் ஓடத்தான் செய்வான். ஐந்து நிமிடம், அவ்வளவுதான். இந்த வாரம் ஒரே ஒரு வரிசை. கையில் ஆதி தாளம். முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம். தாளம் மாறாமல் பாட்டு மட்டும் இரட்டிப்பாகிறது என்பது பையன்களுக்குப் பெரிய சவால். மூன்றாம் காலத்தில் நாக்குப் புரளாமல் யார் முடிக்கிறார்கள் என்று வரிசைக்கு வரிசை போட்டி வைத்துப் பாருங்கள். வேகம் என்றால் அவர்களுக்கு உயிர். அரை ஸ்வரம் குழம்பும் என்கிறீர்கள். குழம்பட்டும், நாலு வருடம் கேட்டால் காது தானே பிரித்துவிடும். எட்டாம் வகுப்பு முடிக்கிற பிள்ளைக்கு ஸ்வரம் என்றால் என்ன, தாளம் என்றால் என்ன என்று தெரியாமல் பத்துப் பாட்டு மட்டும் தெரிந்தால், அதற்கு டீச்சர் எதற்கு? யூடியூப் போதுமே.

மோகனப்பித்தன்

ஐயா, தாளத்தையும் காலத்தையும் பாட்டிலேயே கொண்டுவரலாம் என்பதுதான் என் வாதம். மூன்று காலப் போட்டியை மட்டும் திருடிக்கொள்கிறேன்.

ராகமாலிகா

இரண்டு பேருக்கும் நடுவே ஒன்று இருக்கிறதே, நோட்டுஸ்வரம். முத்துசுவாமி தீட்சிதர் அந்தக் காலத்து ஐரோப்பிய மெட்டுகளுக்குச் சாகித்யம் எழுதிச் செய்தவை, நாற்பதுக்குப் பக்கம் இருக்கின்றன. எல்லாம் சங்கராபரண ஸ்வரங்கள், கமகம் (ஸ்வரத்தை அசைத்து இழைப்பது) கிடையாது, கீபோர்டில் அப்படியே வாசிக்கலாம். வாரம் ஒரு பீரியடில் நாற்பது பேருக்குக் கமகம் சொல்லிக்கொடுக்க யாராலும் முடியாது. நோட்டுஸ்வரத்தில் அந்தக் கவலையே இல்லை. சமஸ்கிருதம் நாக்கில் வராது என்று பயப்பட வேண்டாம், மெட்டு துள்ளலாக இருப்பதால் பிள்ளைகள் கவலைப்படுவதே இல்லை. ஸ்வரமாகவே பாடிவிட்டாலும் போதும்.

புதுச்சுருதி

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. கைதட்டலை நேற்று ஐந்தாம் வகுப்பில் செய்து பார்த்தேன் அக்கா, பக்கத்து வகுப்பு மிஸ் எட்டிப் பார்க்கும் அளவுக்குப் போய்விட்டது. ஆனால் வகுப்பு அடங்கியது. 1 கட்டையில் ஒன்றாம் வகுப்பு உண்மையிலேயே வேறு மாதிரி ஒலிக்கிறது!

ஏழு, எட்டாம் வகுப்புப் பையன்கள்தான் இன்னும் மலைப்பாக இருக்கிறார்கள். அவர்களை என்ன செய்வது?

ஏழாம்பீரியட்

இது என் ஏரியா. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் குரல் உடையத் தொடங்குகிறது. போன மாதம் எட்டிய ஸ்வரம் இந்த மாதம் எட்டாது. நடுவில் குரல் எகிறி ஒரு கீச்சு வரும், பக்கத்தில் இருப்பவன் சிரிப்பான். அதன் பிறகு அவன் ஏன் வாயைத் திறக்கப் போகிறான்? அவன் செய்யும் கேலி முக்கால்வாசி அந்தப் பயம்தான். குரல் உடைவது என்றால் என்ன, எல்லா ஆண்களுக்கும் நடப்பது, சில மாதத்தில் நிலைக்கு வந்துவிடும் என்று ஒரு பீரியட் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். அறிவியல் ஆசிரியர் அதைப் பாடமாக நடத்தும்போது நெளிகிறவர்கள் நம்மிடம் நன்றாகக் கேட்பார்கள்.

அதன் பிறகு பாட்டை அவர்கள் குரலுக்கு ஏற்ப உடைக்க வேண்டும். முழுப் பாட்டையும் பெண் பிள்ளைகளோடு ஒரே ஸ்தாயியில் பாடச் சொல்லாதீர்கள். ஐந்து ஸ்வரத்துக்குள் அடங்குகிற ஒரு வரியை, பல்லவி போலத் திரும்பத் திரும்ப வருவதாக, கீழ் ஸ்தாயியில் அவர்களுக்குக் கொடுங்கள். எட்டாதவனுக்கு ஸவும் பவும் மட்டும் நீட்டிப் பிடிக்கும் வேலை. சுருதிப் பெட்டிக்குப் பதில் அவர்களே சுருதி.

மீதிப் பேருக்குத் தாளம். பெஞ்சு இருக்கிறது, வாளி இருக்கிறது. ஊரில் பறையும் தவிலும் கேட்டு வளர்ந்த பையன்கள் எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள், நான் கற்றுக்கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை, அவர்கள்தான் எனக்குக் காட்டினார்கள். ஒருவன் திருவிழாவில் கேட்ட அடியைப் பெஞ்சில் தட்ட, அதைக் கொன்னக்கோலாக, அதாவது தகிட, தகதிமி என்று வாயால், சொல்லச் சொன்னேன். வகுப்பே எழுதி எடுத்துக்கொண்டது. பாட மாட்டேன் என்றவன் கொன்னக்கோல் சொல்ல மாட்டேன் என்று சொன்னதை நான் பார்த்ததில்லை.

சினிமாப் பாட்டு கேட்பார்கள். தீட்டு என்று தள்ளவும் வேண்டாம், முழு பீரியடையும் கொடுக்கவும் வேண்டாம். மாதம் ஒரு பாட்டு, அவர்கள் தேர்வு, சொற்களை நீங்கள் பார்த்துச் சரி சொன்ன பிறகு. அதில் தாளம் என்ன, எங்கே எடுப்பு (தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம்) என்று கண்டுபிடிப்பது அவர்கள் பொறுப்பு.

நல்லூர் வீதி

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்களிடம் அமைப்பே வேறு. தரம் 6 தொடக்கம் 9 வரை அழகியல் பாடம் ஒன்று கட்டாயம். சித்திரம், சங்கீதம், நடனம், நாடகம் என்பவற்றில் ஒன்றைப் பிள்ளை தெரிவு செய்யும். பிறகு விரும்பினால் சாதாரண தரப் பரீட்சைக்கும் (தரம் 11 முடிவில் வரும் பொதுப் பரீட்சை) அதை எடுக்கலாம், அதற்கு எழுத்துப் பரீட்சையும் செயன்முறைப் பரீட்சையும் உண்டு. வெளியிலே வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகளுக்கும் பிள்ளைகள் தோற்றுவார்கள். அதனால் என்ரை பாடவேளையை யாரும் கடன் கேட்பதில்லை. பெறுபேறு குறைந்தால் அதிபர் என்னைத்தானே கேட்பார்.

ஆனால் பொறாமைப்பட வேண்டாம். பரீட்சை வந்துவிட்டால் பிள்ளைகள் பாடுவதை விட்டு எழுதத் தொடங்கிவிடுவார்கள். ராக இலட்சணத்தைத் தண்ணீர் மாதிரி ஒப்புவிப்பார்கள், ஆரோகணத்தைப் பாடச் சொன்னால் ஆளை ஆள் பார்ப்பார்கள். புதிதாக வருகிற ஆசிரியர்களுக்கு நான் சொல்வது, கொப்பி திறக்க முதல் பத்து நிமிடம் பாட்டு, மழை வந்தாலும் வெயில் அடித்தாலும். தரம் 6இலேயே அந்தப் பழக்கம் வந்தால் தரம் 11இல் செயன்முறைக்குத் தனியாகப் படிப்பிக்கத் தேவையில்லை.

கரும்பலகை

அரசுப் பள்ளிப் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 6 முதல் 8 வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருக்கும் பள்ளிக்குக் கலைக் கல்வி, உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் வேண்டும். அதன்படி தமிழ்நாட்டில் 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் எடுக்கப்பட்டார்கள். வாரம் மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். 2021இல் 10,000 ஆனது, அப்புறம் 12,500. பணி நிரந்தரம் கேட்டுப் போராட்டம் நடப்பது எல்லோருக்கும் தெரியும். நிரந்தரச் சிறப்பாசிரியர் (இசை, ஓவியம் போன்றவை) பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் 2017இல் தேர்வு வைத்தது. இப்படி அறிவிப்பு வருவதே அபூர்வம். அதனால் புதுச்சுருதி, அரசு வேலை நினைப்பு இருந்தால் சான்றிதழ் எல்லாவற்றையும் இப்போதே சேர்த்து வையுங்கள். எம்.ஏ. இருந்தால் போதும் என்று இருக்காதீர்கள். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் இசை லோயர், ஹையர், தொழிலாசிரியர் சான்றிதழ் இதெல்லாம் அறிவிப்பில் கேட்கக்கூடியவை. அறிவிப்பு வந்த பிறகு எழுதி வாங்க நேரம் இருக்காது.

2022-23இலிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போகும். முன்பு இசை ஆசிரியரைக் காலை வணக்கக் கூட்டத்தில் மட்டும் தேடிய தலைமையாசிரியர்கள் இப்போது ஆகஸ்டிலேயே தேடுகிறார்கள். அது நல்லதுதான். ஆனால் போட்டிக்குப் போகிற நாலு பேரைத் தயார் செய்வதிலேயே வருடம் போய்விடக்கூடாது.

காவிரிக்கரை அக்கா

பீரியட் கடனைப் பற்றி யாரும் பேசவில்லையே. முதல் வருடத்தில் பிடிவாதமாக "தர மாட்டேன்" என்று சொல்லி ஸ்டாஃப் ரூமில் விரோதம் சம்பாதிக்காதே. கொடு, ஆனால் கடனாகக் கொடு. சின்ன நோட்டில் எழுது: தேதி, வகுப்பு, யாருக்கு, திருப்பித் தரும் நாள். சிரித்துக்கொண்டே அவர் எதிரிலேயே எழுது. அடுத்த வாரம் சிரித்துக்கொண்டே போய் வாங்கு. இரண்டு தடவை திருப்பிக் கேட்டுவிட்டால் மூன்றாவது தடவை யோசித்துத்தான் கேட்பார்கள். மாத முடிவில் அந்தக் கணக்கைக் கோஆர்டினேட்டரிடம் காட்டு, புகாராக இல்லாமல் "இந்த வகுப்பு பின்தங்கியிருக்கிறது" என்று மட்டும் சொல்லி.

ராகமாலிகா

அதோடு, சிபிஎஸ்இ 2019இல் கலைக் கல்விக்கு எல்லா வகுப்புக்கும் வாரம் குறைந்தது இரண்டு பீரியட் என்று சொல்லியிருக்கிறது. இசை, நடனம், ஓவியம், நாடகம் எல்லாம் சேர்ந்துதான் அந்த இரண்டு, எனவே உங்கள் ஒன்றும் ஓவியத்துக்கு ஒன்றுமாகக் கணக்கு காட்டியிருப்பார்கள். இருக்கிற ஒன்றையும் எடுத்தால் அது விதிக்கும் குறைகிறது என்பது தெரிந்திருக்கட்டும். சண்டைக்கு எடுக்க வேண்டாம், பேச்சுவாக்கில் சொல்ல வசதி.

அரைக்கட்டை

ஆண்டு விழாவைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கசப்பானது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை எல்லா வகுப்பும் நிறுத்தப்பட்டு, நன்றாகப் பாடுகிற இருபது பேரோடு ஆடிட்டோரியத்தில் அடைபடுவோம். மீதித் தொள்ளாயிரத்து எண்பது பிள்ளைகளுக்கு அந்த மூன்று மாதம் பாட்டே கிடையாது. மேடையில் சிறப்பு விருந்தினர் கைதட்டுவார், பிரின்சிபல் பாராட்டுவார், இசைத்துறை பிரமாதம் என்று பேர் வரும். எந்த இசைத்துறை? இதை மறுப்பவர்கள் சொல்லட்டும்.

பழைய வாத்தியார்

மறுக்கிறேன் தம்பி. அந்த மேடை இல்லாவிட்டால் உங்கள் பதவியே இருக்காது. பள்ளி நிர்வாகத்துக்கு நம் வேலை கண்ணில் படுகிற ஒரே நாள் அது. வேண்டாம் என்று சொல்வதைவிட அந்த மேடையை நம் வசதிக்கு வளைப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

என் வழி இது. ஜூலையிலிருந்து மூன்று, நாலு, ஐந்தாம் வகுப்பு எல்லா செக்‌ஷனுக்கும் வழக்கமான பீரியடில் ஒரே மூன்று பாட்டு. மேடைக்கு என்று தனியாக எதுவும் இல்லை. டிசம்பரில் அந்தப் பிள்ளைகள் அத்தனை பேரும் மேடைக்கு முன்னால் தரையில் வகுப்பு வகுப்பாக உட்கார்ந்து பாடுவார்கள், மேடையில் இருபது பேர் மைக் முன்னால் நிற்பார்கள். ஒத்திகைக்கு வகுப்பை விட்டு யாரையும் இழுக்க வேண்டியதில்லை, கடைசி ஒரு வாரம் போதும். முந்நூறு, நானூறு பெற்றோர் தங்கள் பிள்ளை பாடுவதைப் பார்க்கிறார்கள். அடுத்த வருடம் உங்கள் பீரியடைக் குறைக்க எந்த நிர்வாகத்துக்குத் துணிச்சல் வரும்?

அரைக்கட்டை

நானூறு பேர் தரையில் உட்கார்ந்து சுருதி சேருமா ஐயா?

பழைய வாத்தியார்

முன் வரிசைக்கு ஸ்பீக்கரைத் திருப்பி வைத்தால் சேரும். பிள்ளைகளுக்குக் கேட்காமல் பார்வையாளர்களுக்கு மட்டும் ஸ்பீக்கர் வைப்பதுதான் எல்லா ஊரிலும் நடக்கிறது. சவுண்டு சர்வீஸ்காரரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சுற்றிவளைத்த மெட்டு வேண்டாம், ஒரு ஸ்தாயிக்குள் அடங்கிய பாட்டு.

புதுச்சுருதி

இதைப் பிரின்சிபலிடம் கேட்டுப் பார்க்கிறேன். அவர் கேட்டது உண்மையில் ஃப்யூஷன் ஆர்கெஸ்ட்ரா! முதல் வருடத்தில் அதெல்லாம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்தேன். எல்லாப் பெற்றோரும் வருவார்கள் என்று சொன்னால் எடுபடும் என்று நினைக்கிறேன்.

கடைசியாக ஒன்று. விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்து பிள்ளைகள் பாட வேண்டுமா, ஒலிப்பதிவு போட்டால் போதுமா? இங்கே இதுவரை பென் டிரைவில்தான் ஓடியிருக்கிறது. காலையில் பாடும்போது இழு இழு என்று இழுத்து ஒன்றரை நிமிடம் ஆக்குகிறார்கள்.

கரும்பலகை

2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணையிலேயே இருக்கிறது. முல்லைப்பாணி, அதாவது மோகனம், மூன்றன் நடையில் 55 விநாடி. இசைத்தட்டைப் போடுவதைத் தவிர்த்து வாய்ப்பாட்டாகவே பாட வேண்டும் என்றும் சொல்கிறது. நாட்டுப்பண் 52 விநாடி. இரண்டுக்கும் போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பழக்குங்கள். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும்.

மோகனப்பித்தன்

மோகனம்! இதைத்தானே முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். இழுப்பதற்குக் காரணம் வரி முடிவுகள். ஒவ்வொரு வரி முடிந்ததும் ஆயிரம் பேரும் மூச்சு விட்டு, யாரோ ஒருவர் ஆரம்பிக்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். தொடையில் மூன்று மூன்றாகத் தட்டிக்கொண்டே பாடப் பழக்குங்கள். முதல் அடி அழுத்தம், மற்ற இரண்டும் மெல்ல. வரி முடிந்தாலும் தட்டு நிற்கக்கூடாது. இரண்டு வாரத்தில் வேகம் வந்துவிடும், அதன் பிறகு கையை எடுத்துவிடலாம். தொடங்கும் ஸ்வரத்தைக் கீபோர்டில் கொடுத்து, எல்லோரும் ஒரு முறை "ம்" என்று முனகிய பிறகு ஆரம்பியுங்கள், இல்லாவிட்டால் ஆளுக்கொரு கட்டை.

பழைய வாத்தியார்

தட்டச் சொன்னது தாளம்தானே தம்பி? அதற்குத்தான் சரளி வேண்டும் என்கிறேன்.

மோகனப்பித்தன்

ஐயா, உங்களை விட முடியாது :)

ஏழாம்பீரியட்

விழா அன்றைக்குக் கீபோர்டின் அடாப்டரைப் பையில் போடுங்கள், ஆறு பேட்டரியும் போடுங்கள். டிராக் எதாவது போனிலிருந்து ஓட்டுவதாக இருந்தால் ஏரோபிளேன் மோடில் வையுங்கள். சிறப்பு விருந்தினர் மேடையில் இருக்கும்போது யாருடைய அம்மாவாவது கூப்பிடுவார்கள்.

புதுச்சுருதி

குறித்துக்கொண்டேன். ட்ரான்ஸ்போஸ் பட்டனைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் யாராவது நினைவுபடுத்துங்கள், இன்று மூன்றாம் வகுப்பில் 1 கட்டை என்று நினைத்து 3 கட்டையில் ஓட்டியிருக்கிறேன். பாவம், பாடியும்விட்டார்கள்.